இரண்டு பதம் கேட்கும் பறவை

சோறு வெந்ததா என்று பார்க்க நம் வீடுகளில் யாரும் பானையைக் கவிழ்ப்பதில்லை. அகப்பை நுனியில் நாலு பருக்கை எடுத்து, ஒன்றை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கினால் போதும். நடுவில் விதை தட்டுப்படாவிட்டால் இறக்கிவிடலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை நாம் எதற்கெல்லாமோ பயன்படுத்துகிறோம். ஆனால் அதற்கு அடியில் கறாரான ஓர் இயற்பியல் அனுமானம் இருக்கிறது. எல்லாப் பருக்கையும் ஒரே அளவு, ஒரே பொருள், எல்லாவற்றையும் சுற்றி ஒரே கொதிநீர். ஆகவே ஒன்றின் கதி எல்லாவற்றின் கதி.

வான்கோழியிடம் இந்தக் கணக்கு செல்லாது. அதன் நெஞ்சு வெந்துவிட்டது என்பதால் தொடை வெந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தொடை பதமாகும்வரை காத்திருந்தால் நெஞ்சுக்கறி பஞ்சாகிவிடும். ஆறேழு கிலோ எடையுள்ள ஒரே உடம்பு, இரண்டு வெவ்வேறு பதம். அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை, தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி நாள் அன்று, ஆண்டு முழுவதும் ஓவனைப் பீட்சா சுடவைக்க மட்டுமே திறந்தவர்கள்கூட இந்தப் பறவையோடு மல்லுக்கட்டுகிறார்கள். அன்று ஒருநாள் மட்டும் அந்த நாட்டில் நாலரைக் கோடி வான்கோழிகள் சாப்பாட்டு மேசைக்கு வருவதாக வான்கோழி வளர்ப்போர் கூட்டமைப்பின் மதிப்பீடு. பொரித்தும் சுட்டும் புகைபோட்டும் நீரில் வேகவைத்தும் அவர்கள் கண்டுபிடித்திருக்கும் முறைகள் பல. எனக்கு அவையெல்லாம் ஒரே கேள்விக்கு எழுதிய வெவ்வேறு விடைத்தாள்களாகத்தான் தெரிகின்றன: ஒரே பறவையில் இரண்டு பதத்தை எப்படி ஒரே நேரத்தில் கொண்டுவருவது?

பறவையைப் பற்றி முதலில். வான்கோழி அசல் அமெரிக்கக் குடிமகன். மெக்சிகோவில் பழங்குடி மக்கள் பழக்கி வளர்த்ததை ஸ்பானியர்கள் பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். போன இடமெல்லாம் அதற்கு வேறு ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயர் துருக்கி என்றார்கள். துருக்கியரோ அதை ‘ஹிந்தி’ என்கிறார்கள். பிரெஞ்சிலும் அது இந்தியாவிலிருந்து வந்தது. போர்த்துக்கீசியருக்கு அது பெரு. டச்சுக்காரர்கள் சொல்லும் ‘கால்கூன்’ என்ற பெயர் நம் பக்கத்து ஊரான கோழிக்கோட்டிலிருந்து, அதாவது கள்ளிக்கோட்டையிலிருந்து, முளைத்தது. அந்தக் காலத்தில் எங்கிருந்தோ கப்பலில் வந்த எதற்கும் இந்தியா என்று முத்திரை குத்துவது வழக்கம்; வான்கோழியும் தப்பவில்லை.

தேங்க்ஸ்கிவிங்குக்கு மூலமாகச் சொல்லப்படும் 1621-ஆம் ஆண்டு பிளிமத் விருந்தைப் பற்றி நேரில் கண்டு எழுதப்பட்ட கடிதம் ஒன்று இருக்கிறது. எட்வர்ட் வின்ஸ்லோ எழுதியது. வேட்டையாடிய பறவைகள் என்றுதான் அதில் இருக்கிறது. வான்கோழி என்று பெயர் சொல்லவில்லை. ஆபிரகாம் லிங்கன் 1863-இல் நன்றி நாளை நாடு முழுவதற்குமாக அறிவித்தபோதும், 1941-இல் நான்காவது வியாழன் என்று சட்டம் நிலைப்படுத்தியபோதும், எந்தக் கறி என்று யாரும் உத்தரவு போடவில்லை. முழு வான்கோழியைத் தாம்பாளத்தில் ஏற்றி மேசை நடுவில் வைக்கும் காட்சியை அமெரிக்க மனதில் ஆணியடித்தது நார்மன் ராக்வெல்லின் ‘ஃப்ரீடம் ஃப்ரம் வான்ட்’ ஓவியம். ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் 1943 மார்ச்சில் வெளியானது. வெள்ளை மேசைவிரிப்பு, ஏப்ரன் கட்டிய பாட்டி, கையில் பளபளவென்று முழுப் பறவை. இந்தப் படத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் வரும் பாதித் தொல்லைக்கு இதுதான் காரணம்.

இப்போது கறிக்குள் போவோம். காட்டு வான்கோழி நாள் முழுவதும் நடந்து மேயும் பறவை. கால் தசைகள் ஓயாமல் வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். அந்த ஆக்சிஜனைச் சேர்த்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் சிவப்பு நிறம் உடையது. ஆகவே தொடைக்கறி கருஞ்சிவப்பு. நெஞ்சுத் தசைகள் சிறகடிக்க மட்டுமே. நரி துரத்தும்போது சில நொடி வெடித்துக் கிளம்பி மரத்தில் ஏறினால் வேலை முடிந்தது. அதற்கு மயோகுளோபின் அவ்வளவாகத் தேவையில்லை; கறி வெளுத்திருக்கிறது. கடையில் விற்கும் பண்ணை வான்கோழியோ பறப்பதே இல்லை. வெள்ளை நெஞ்சுக்கறிக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், நெஞ்சு பருத்து, சேவலும் பெட்டையும் இயல்பாக இணைசேர முடியாத நிலைக்கு அந்த இனம் வந்துவிட்டது. செயற்கைக் கருவூட்டலில்தான் குஞ்சு. நாம் சுடுவது காட்டில் ஓடிய பறவையை அன்று. நெஞ்சுக்கறியை மையமாக வைத்து மனிதன் திருத்தி எழுதிய ஒன்றை.

கறியைச் சூடாக்கும்போது 50 டிகிரி செல்சியஸை ஒட்டி மயோசின் என்ற புரதம் உறையத் தொடங்குகிறது. கண்ணாடிபோல் இருந்த சதை வெளுத்துக் கெட்டிப்படுகிறது. 60-ஐத் தாண்டும்போது தசை இழைகளைச் சுற்றி உறைபோல இருக்கும் கொலாஜன் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல நீரை வெளியே தள்ளுகிறது. எழுபதை நெருங்கும்போது ஆக்டின் என்ற இன்னொரு புரதமும் உருக்குலைகிறது. அதற்குமேல் மிஞ்சுவது சக்கை. நெஞ்சுக்கறிக்குக் கொலாஜன் குறைவு. 65-இலிருந்து 68 டிகிரிக்குள் இறக்கினால் சாறோடு இருக்கும். தொடையில் கொலாஜன் அதிகம். அது ஜெலட்டினாக இளகினால்தான் கறி எலும்பிலிருந்து கழன்று வரும். அதற்கு 77-இலிருந்து 82 டிகிரி வேண்டும், கொஞ்சம் நேரமும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு, பதினைந்து டிகிரி இடைவெளி.

இதில் குறுக்கே வருவது சால்மொனெல்லா என்ற கிருமி. கோழி வகைக்கு 165 ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. 2006-இல் வந்த எண் அது. அதற்கு முன்பு முழுப் பறவைக்கு 180 ஃபாரன்ஹீட், 82 செல்சியஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாட்டி காலத்து வான்கோழி தொண்டையில் அடைத்ததற்குப் பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்னொன்று: கிருமி சாவது வெப்பத்தை மட்டும் பொறுத்தது இல்லை, நேரத்தையும் பொறுத்தது. 74 டிகிரியில் கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பது, 65.5 டிகிரியில் ஐந்து நிமிடத்தில் நடக்கும். வேளாண் துறையே உணவுத் தொழிற்சாலைகளுக்குத் தரும் அட்டவணை இப்படித்தான் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு மட்டும் ஒற்றை எண். குழப்பம் வேண்டாம் என்று. வீட்டில் முதியவரோ கர்ப்பிணியோ இருந்தால் நானும் 74 என்றே சொல்வேன்.

ஆனால் பெரும்பாலான வான்கோழிகள் ஓவனுக்குள் போவதற்கு முன்பே கெட்டுப்போகின்றன. நான் முதன்முதலில் சுட்டதும் அப்படித்தான். ஃப்ரீசரில் பாறைபோல் இருந்ததை முந்தின நாள் இரவு எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, விடிந்தால் இளகிவிடும் என்று நம்பினேன். வெளியே பொன்னிறம் வந்தது. வெட்டினால் நடுவில் கத்தி ‘கரக்’ என்றது. பனிக்கட்டி. போதாததற்கு, கழுத்தையும் ஈரலையும் காகிதப் பையில் போட்டுப் பறவையின் வயிற்றுக்குள் திணித்து விற்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பை அப்படியே வெந்திருந்தது. அன்று எல்லோரும் உருளைக்கிழங்கு மசியலைச் சாப்பிட்டோம்.

என் தவறு என்னவென்று பிற்பாடு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஏழு கிலோ வான்கோழியில் ஏறத்தாழ ஐந்து கிலோ நீர். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க மட்டும் 334 கிலோஜூல் வெப்பம் தேவை. ஐந்து கிலோவுக்கு 1,670 கிலோஜூல். அதே பறவையை, இளகியபின், ஃபிரிட்ஜின் 4 டிகிரியிலிருந்து 70 டிகிரிவரை சூடாக்க எவ்வளவு ஆகும்? சுமார் 1,570. பறவையை உருக்குவதற்கு ஆகும் வெப்பம், அதைச் சமைப்பதற்கு ஆகும் வெப்பத்துக்கு ஏறக்குறையச் சமம். சமைக்க 160 டிகிரி ஓவன் இருக்கிறது; உருக்குவதற்கு ஃபிரிட்ஜின் 4 டிகிரிதான் இருக்கிறது. நாலு நாள் ஆகாமல் என்ன செய்யும்? இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்பது தோராய விதி. அவசரமென்றால் குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து, அரை மணிக்கொரு தரம் நீரை மாற்றினால், ஒரு பவுண்டுக்கு அரை மணி வீதம் இளகிவிடும். காற்றைவிட நீர் வேகமாக வெப்பத்தைக் கொடுக்கும். மேடைமேல் வைத்துவிட்டுத் தூங்கப்போவது மட்டும் கூடாது. உள்ளே உறைந்திருக்கையில் வெளித்தோல் கிருமிக்குத் தோதான சூட்டில் மணிக்கணக்காகக் கிடக்கும். பட்டர்பால் என்ற நிறுவனம் 1981-இலிருந்து நவம்பர், டிசம்பரில் தொலைபேசி உதவி எண் நடத்துகிறது. முதல் ஆண்டில் ஆறு பேர் உட்கார்ந்து பதினோராயிரம் அழைப்புகளுக்குப் பதில் சொன்னார்கள். இன்றும் அதிகம் பேர் கேட்பது இளக்குவது பற்றித்தான் என்கிறார்கள்.

இளகியதைக் குழாயடியில் கழுவ வேண்டாம். கிருமி போகாது, தெறித்துச் சாலட்மேல் உட்காரும்.

அடுத்து உப்பு. நறுக்கிய வெள்ளரிக்காயில் உப்பைத் தூவிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தட்டில் நீர் நிற்கும். கறியிலும் முதல் ஒரு மணி நேரம் அதுவே நடக்கிறது. உப்பு நீரை வெளியே இழுக்கிறது. தோலில் வியர்வைபோல் முத்து முத்தாக நிற்கிறது. இங்கேதான் வெள்ளரிக்காயும் கறியும் பிரிகின்றன. அந்த நீரில் கரைந்த உப்பு மெல்ல மெல்லச் சதைக்குள் திரும்பிப் போகிறது. போன இடத்தில் தசைப் புரதங்களின் கட்டு தளர்கிறது. இழைகள் உப்பி, இடையே நீரைப் பிடித்துக்கொள்கின்றன. பிறகு சூடேறும்போது அவற்றால் முன்போல் இறுக்கிப் பிழிய முடிவதில்லை. இரண்டு மூன்று டிகிரி கூடிப்போனாலும் கறி மன்னித்துவிடும். உப்பின் பெரிய உதவி இந்த மன்னிப்புதான், சுவை இரண்டாம்பட்சம்.

இதை இருவகையாகச் செய்கிறார்கள். லிட்டருக்கு 50, 60 கிராம் உப்புக் கரைத்த நீரில் பறவையை ஓர் இரவு முழுகவைப்பது ஒன்று. அதற்கு வாளி வேண்டும், வாளி நுழையும் ஃபிரிட்ஜ் வேண்டும். உள்ளே போகும் நீர் வெறும் தண்ணீர் என்பதால் கறி சாறாக இருக்கும், ருசி கொஞ்சம் நீர்த்திருக்கும். இன்னொன்று கிலோவுக்கு 8, 10 கிராம் உப்பை நேரடியாகத் தேய்த்து, மூடாமல் ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் வைப்பது. சான்பிரான்சிஸ்கோவில் ஜூனி கஃபேயின் ஜூடி ராட்ஜர்ஸ் கோழிக்குச் செய்துவந்ததை, 2006-இல் ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ இதழின் ரஸ் பார்சன்ஸ் வான்கோழிக்குச் செய்து பார்த்து எழுதினார். அதிலிருந்து அமெரிக்க வீடுகளில் உப்புநீர் வாளிகளின் செல்வாக்கு குறைந்துவிட்டது. எனக்கும் இதுவே பிடித்தது. தோல் காய்ந்து கிடைக்கிறதே, அது பெரிய லாபம். ஓர் எச்சரிக்கை: கடையில் வாங்கும் பல வான்கோழிகளுக்குள் முன்பே உப்புநீரை ஊசியால் ஏற்றியிருப்பார்கள். பைமேல் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் மறுபடி உப்பிட்டால் கருவாடுதான்.

நியூஜெர்சியில் குடியேறிய நம்மவர்கள் பலர் தயிரும் மிளகாய்த்தூளும் இஞ்சிபூண்டும் அரைத்துப் பூசுகிறார்கள். தப்பில்லை. ஆனால் உப்பு மட்டுமே அங்குலக் கணக்கில் உள்ளே போகும். மற்ற மசாலா எல்லாம் சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். மசாலா தோலுக்கு, உப்பு கறிக்கு என்று பிரித்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

தோல் காய்வது ஏன் லாபம்? பொன்னிறமும் வாசனையும் வருவது அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் கலந்து செய்யும் வினையால். 1912-இல் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் இதை விவரித்தார். 1953-இல் ஜான் ஹாட்ஜ் என்ற அமெரிக்க வேளாண் துறை வேதியியலாளர் படிப்படியாக வரைந்து காட்டினார். இது வேகம் பிடிக்க 140 டிகிரி வேண்டும். தோலில் ஒரு சொட்டு ஈரம் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. ஓவனின் வெப்பமெல்லாம் ஆவியாக்கவே செலவாகும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓவனைத் திறந்து, தட்டில் வடிந்த சாற்றைக் கரண்டியால் மேலே ஊற்றும் பழக்கத்தை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஓவன் சூடும் போச்சு, காய்ந்த தோலும் நனைந்தாச்சு. ஊற்றிய சாறு உள்ளேயும் போகாது. அதேபோல் முதலில் அதிக சூட்டில் வாட்டினால் சாறு உள்ளேயே அடைபடும் என்பதும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேதியியலாளர் லீபிக் கிளப்பிவிட்ட கதை. வாட்டினால் நிறமும் மணமும் வரும், சாறு தன்பாட்டுக்கு வெளியேறும். காய்ந்த தோலில் துளி பேக்கிங் பவுடர் தேய்த்தால் காரத்தன்மை கூடி வினை சுறுசுறுப்பாகும்.

இனி அடுப்புக்கு. முழுப் பறவையை ஓவனில் சுடுவதே பழைய வழி. எத்தனை மணி நேரம் என்று கேட்டால், ஒரு பவுண்டுக்கு இருபது நிமிடம் என்பார்கள். ஸ்டான்ஃபோர்டில் மூன்று கிலோமீட்டர் நீளத் துகள் முடுக்கி நிறுவனத்துக்கு முதல் இயக்குநராக இருந்த இயற்பியலாளர் வுல்ஃப்காங் பனோஃப்ஸ்கிக்கு இந்த விதி உறுத்தியது. வெப்பம் ஒரு பொருளின் நடுவுக்குப் போக ஆகும் நேரம் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எடையோ கனத்தின் முப்படியைப் பொறுத்தது. இரண்டையும் நேர்க்கோட்டில் கட்ட முடியாது. அவர் சொன்ன சூத்திரம்: பவுண்டில் எடையை எடுத்து, அதன் முப்படி மூலத்தைக் கண்டு, அதை வர்க்கப்படுத்தி, ஒன்றரையால் வகு, வருவது 325 ஃபாரன்ஹீட் ஓவனில் ஆகும் மணி நேரம்.

செய்து பார்ப்போம். எட்டு பவுண்டுப் பறவை. எட்டின் முப்படி மூலம் இரண்டு, அதன் வர்க்கம் நான்கு, ஒன்றரையால் வகுத்தால் இரண்டு மணி நாற்பது நிமிடம். பவுண்டுக்கு இருபது நிமிடம் என்று போட்டாலும் அதே விடைதான். இப்போது பன்னிரண்டு கிலோ ராட்சசன், 27 பவுண்டு. முப்படி மூலம் மூன்று, வர்க்கம் ஒன்பது, வகுத்தால் ஆறு மணி நேரம். இருபது நிமிட விதியோ ஒன்பது மணி என்கிறது! சின்னப் பறவைக்குச் சரியாக வந்த விதி, பெரிய பறவையை மூன்று மணி நேரம் கூடுதலாகக் காய்ச்சுகிறது.

ஆனால் பனோஃப்ஸ்கியாலும் இரண்டு பதப் பிரச்சினையைத் தீர்க்க முடியவில்லை. அவருடைய சூத்திரத்துக்குப் பறவை ஒரே பொருளால் ஆன உருண்டை. மல்லாக்கக் கிடத்திய பறவையில் நெஞ்சு மேலே, சூட்டுக்கு நேராக. தொடையின் உட்பக்கமோ உடம்போடு ஒட்டி நிழலில் இருக்கிறது. குறைந்த பதம் வேண்டியதற்கு அதிகச் சூடு, அதிகப் பதம் வேண்டியதற்குக் குறைந்த சூடு. நெஞ்சின்மேல் அலுமினியத் தாளைப் போர்த்துவது இதற்கு எளிய மருந்து. சமையல் அறிவியல் எழுத்தாளர் ஹெரால்ட் மெக்கீ சொல்லும் தந்திரம் எனக்கு இன்னும் பிடிக்கும்: ஓவனில் வைப்பதற்கு முன் நெஞ்சின்மேல் மட்டும் ஐஸ் பைகளைக் கட்டிவைப்பது. கால் அறைச் சூட்டுக்கு வரும்போது நெஞ்சு பின்தங்கியே நிற்கும். ஓட்டப் பந்தயத்தில் வேகமாக ஓடுகிறவனைப் பத்தடி பின்னால் நிறுத்துவதுபோல.

வயிற்றுக்குள் ரொட்டிக் கலவையைத் திணிப்பவர்கள் இந்தப் பந்தயத்தையே கெடுத்துக்கொள்கிறார்கள். பச்சைச் சாறு வடிந்து ஊறிய அந்த ரொட்டியும் 74 டிகிரியைத் தொட வேண்டும். சூடு கடைசியாகப் போய்ச் சேரும் இடமோ அதுதான். தனித் தட்டில் வைத்துச் சுடுங்கள். நெஞ்சில் குத்தி விற்கும் பிளாஸ்டிக் குச்சியையும் நம்ப வேண்டாம். உள்ளே ஒரு மென்மையான உலோகக் கலவை உருகியதும் ஸ்பிரிங் எகிறிக் குமிழ் மேலே வரும். பல குச்சிகளில் அது உருகுவது 80 டிகிரியை ஒட்டி. குமிழ் எழும்போது நெஞ்சுக்கறி செத்துச் சுண்ணாம்பாகியிருக்கும்.

அதற்குப் பதில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். ஊசியை நெஞ்சின் கனத்த பகுதியில், எலும்பைத் தொடாமல், பக்கவாட்டில் செலுத்துங்கள். உள்ளே தள்ளும்போது எண் குறைந்துகொண்டே வரும்: 81, 74, 66, 61. இன்னும் கொஞ்சம் தள்ளினால் மறுபடி 63, 67 என்று ஏறும். அந்த அடிமட்டம், 61, அதுதான் பறவையின் உண்மையான வெப்பநிலை. ஒரே குத்தில் நாலு அங்குலத்துக்குள் இருபது டிகிரி வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம். வெளியே எடுத்த பின்னும் வெளிப்பக்கச் சூடு உள்ளே போய்க்கொண்டிருப்பதால் இன்னும் மூன்று நான்கு டிகிரி ஏறும். அரை மணி நேரம் அதை யாரும் தொடக்கூடாது.

பிளாஸ்டிக் ஓவன் பைக்குள் கட்டிச் சுடுவதும் உண்டு. 200 டிகிரி ஓவனுக்குள் கையை ஒரு நொடி நீட்டினால் ஒன்றும் ஆகாது. 100 டிகிரி இட்லிப் பானையைத் திறக்கும்போது கை பொத்துப்போகும். ஆவி நீராகும்போது கொட்டும் வெப்பம் அப்படி. பைக்குள் பறவை தன் ஆவியிலேயே வேகமாக வேகும். தோல் மட்டும் சொதசொதவென்று இருக்கும்.

எனக்கு மதிப்பு மிக்க வழி ஸ்பாட்ச்காக். கனமான கத்தரிக்கோலால் முதுகெலும்பை இருபுறமும் வெட்டி எடுத்துவிட்டு, பறவையைக் கவிழ்த்து, நெஞ்சு நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்த வேண்டும். ‘மடக்’கென்று ஒரு சத்தம். பந்து, தோசைக்கல்லில் விரித்த ஊத்தப்பம்போல் தட்டையாகிவிடும். கனம் குறைந்தால் நேரம் வர்க்கக் கணக்கில் குறையும் என்பது மேலே பார்த்ததுதான். அதோடு ஒளிந்துகிடந்த தொடைகள் வெளியே வந்து, தட்டின் சூடான ஓரங்களில் படுத்துக்கொள்கின்றன. நெஞ்சு நடுவில் கனமாக நிற்கிறது. 230 டிகிரி ஓவனில் ஆறு கிலோ பறவை எண்பது, தொண்ணூறு நிமிடத்தில் தயார். தோல் முழுவதும் மேல்நோக்கி இருப்பதால் எல்லா இடமும் மொறுமொறு. வெட்டியெடுத்த முதுகெலும்பு குழம்புக்கு. கிட்டத்தட்ட எல்லாச் சிக்கலும் ஒரே அழுத்தில் தீர்ந்துவிடுகிறது. மேசையில் வைத்தால் லாரி ஏறியதுபோல் இருக்கும், அவ்வளவுதான் குறை.

லூசியானா பக்கத்து கேஜன் மக்கள் பரப்பிய வழி, முழுப் பறவையைக் கடலை எண்ணெயில் பொரிப்பது. 175 டிகிரி எண்ணெய், பவுண்டுக்கு மூன்றரை நிமிடம். ஐந்தரை கிலோ பறவை நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். எண்ணெய் பறவையின் உள்ளும் புறமும் ஒட்டி வெப்பத்தைத் தருவதால் இந்த வேகம். ருசி அபாரம். ஆபத்தும் அதே அளவு. வடைச் சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். நீர் ஆவியாகும்போது ஆயிரத்து எழுநூறு மடங்கு விரிகிறது. பாதி உறைந்த வான்கோழியைப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கொதிக்கும் எண்ணெயில் இறக்கினால், பொங்கி வழிந்த எண்ணெய் கீழே எரியும் கேஸ் அடுப்பைத் தொட்டு, ஆளுயரத்துக்குத் தீ எழும்பும். அமெரிக்கத் தீயணைப்புத் துறைகள் ஒவ்வொரு நவம்பரிலும் இதைத் திறந்த வெளியில் செய்து காட்டிப் பயமுறுத்துகின்றன. சமையல் தீ விபத்துகள் அந்நாட்டில் உச்சம் தொடும் நாள் தேங்க்ஸ்கிவிங்தான். எண்ணெயின் அளவைக் கண்டுபிடிக்க ஆர்க்கிமிடீஸைக் கூப்பிட வேண்டும்: முந்தின நாளே பறவையைக் காலிப் பானையில் வைத்து, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, பறவையை எடுத்துவிட்டு, நீர் நிற்கும் மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் அந்தக் கோடுவரைதான். பறவை ஈரம் இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும், வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டும், இறக்கும்போது அடுப்பை அணைத்திருக்க வேண்டும். தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் இவ்வளவுக்குப் பிறகும் வேண்டாம் என்றே சொல்கிறது. நானும் அந்தக் கட்சி.

புகைபோடுவது பொறுமைசாலிகளுக்கு. 120 டிகிரிப் புகையில் ஆறேழு மணி நேரம். புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு மயோகுளோபினோடு சேர்ந்து தோலுக்கடியில் இளஞ்சிவப்பு வளையம் போடும். அதை வேகவில்லை என்று நினைத்துத் திருப்பி அடுப்பில் வைப்பவர்கள் உண்டு. தெர்மாமீட்டர் சொல்வதை மட்டும் கேளுங்கள்.

சூ-வீட் என்ற முறையில் நெஞ்சைப் பையில் அடைத்து 64 டிகிரி நீரில் சில மணி நேரமும், காலைத் தனிப் பையில் 75 டிகிரியில் பகல் முழுதும் போட்டுவைக்கிறார்கள். இரண்டு பதத்துக்கு இரண்டு தொட்டி. கணக்காகப் பார்த்தால் இதைவிடச் சரியான விடை இல்லை. ஆனால் வெளிறிய தோலோடு வரும் அதைக் கடைசியில் எப்படியும் வாட்ட வேண்டும். அதற்குள் விருந்தாளிகளுக்குப் பசி போய்விடும்.

கருவி எதுவும் இல்லாமல் அதே தர்க்கத்தைப் பின்பற்றலாம். பறவையை வெட்டிவிடுங்கள். கசாப்புக் கடையில் கேட்டால் அவர்களே வெட்டித் தருவார்கள். கால்களை வெங்காயமும் கொஞ்சம் நீரும் விட்டு மூடிய சட்டியில் இரண்டு மணி நேரம் மெல்லக் கொதிக்க விடுங்கள். கொலாஜன் இளகி எலும்பு கையோடு வரும். நெஞ்சைத் தனியே ஓவனில் வைத்து, 65 வந்ததும் எடுத்து, மூடி வைத்துவிடுங்கள். இரண்டும் தத்தம் பதத்தில். நான் இப்போது இப்படித்தான் செய்கிறேன். வீட்டில் எதிர்ப்பு இருக்கிறது, ராக்வெல் படம் கெட்டுப்போகிறதாம். அந்த முழுப் பறவை மேசையில் இருக்கும் நேரம் பத்து நிமிடம். அதற்குப் பிறகு யாரோ ஒருவர் கத்தியோடு எழுந்து அதைத் துண்டுபோடத்தான் போகிறார். நான் அந்த வேலையைக் காலையிலேயே முடித்துவிடுகிறேன்.

எப்படிச் சமைத்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் மீதியை ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். எலும்புக்கூட்டைக் குப்பையில் போடாதீர்கள். தண்ணீர் ஊற்றி, மிளகு தட்டிப்போட்டு, மூன்று மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடாமல் சிறுதீயில் வைத்து வடிகட்டுங்கள். மறுநாள் காலை ஃபிரிட்ஜைத் திறந்து பாத்திரத்தைச் சாய்த்துப் பாருங்கள். சூப் வழியாமல் கட்டியாக நின்று அதிர்ந்தால், எலும்பிலும் தோலிலும் மிச்சமிருந்த கொலாஜன் பாத்திரத்துக்கு வந்துவிட்டது.